கெட்ட செய்தி சொல்லும் முறை

“உங்க பூனை செத்துப்போச்சு. என் கார்லதான் மாட்டிக்கிச்சு,” என்றாள் கைசா.

“ஐயோ, என் செல்லமே,” என்று ராய் நெஞ்சில் அடித்துக்கொண்டார். மேசையில் இருந்த சூப் கிண்ணம் ஒரு குலுங்கு குலுங்கியது.

“அப்பா, ஓவர். அங்க வர்ற நடிகர் யாரும் இப்படி நடிக்க மாட்டாங்க.”

“நீ மட்டும் என்னவாம்? வீட்டுல பால் தீந்துபோச்சுங்கிற மாதிரி சொல்ற. கேட்டதும் பூனைக்காரன் பொட்டுன்னு போயிருப்பான். அப்புறம் அதை அவன் பெண்டாட்டிகிட்டயும் நீதான் போய்ச் சொல்லணும்.”

மருத்துவக் கல்லூரி நேர்காணலில் இப்படியும் ஒரு சுற்று உண்டாம். எதிரில் ஒரு நடிகரை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். அவரிடம் ஒரு கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மகள் அதற்குப் பழக வேண்டும் என்றதும், டுலூத் நகரசபையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ராய் லெஹ்டினென் அன்றைக்கே நடிகராகிவிட்டார். சில வாரங்களாகவே இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் அவருக்குக் கால் போனது, சிறுநீரகம் போனது, வேலை போனது. பூனை எத்தனை தடவை செத்தது என்பதற்குக் கணக்கே இல்லை. இத்தனைக்கும் அந்த வீட்டில் ஒரு மீன்தொட்டிகூடக் கிடையாது.

கைசாவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம்; அந்த நாட்டில் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவம் படிக்க முடியும். வேதியியலோடு மல்லுக்கட்டி, நுழைவுத் தேர்வில் ஒருமுறை சறுக்கி மறுபடி எழுதி, விடுமுறையெல்லாம் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளி, ஒருவழியாக இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். கடைசியில் ஒரு பூனையால் எல்லாம் கெட்டுவிடக் கூடாதே என்பதுதான் ராயின் கவலை.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். உள்ளூர்க் கல்லூரியிலேயே அவளுக்கு இடம் கிடைக்க வேண்டும். வீட்டிலிருந்து மேட்டில் ஏறினால் வந்துவிடும். பனி கொட்டுகிற காலையில் மற்ற தெருக்கள் எப்படியோ போகட்டும், அந்த மேட்டைத்தான் முதலில் வழித்துவிடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். நகரசபையில் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

“இன்டர்வியூ என்னைக்குன்னு இன்னும் சொல்லவே இல்லையே?”

“வரும் வரும். நீ சூப்பைக் குடிப்பா.”

“குடிக்கிறேன். நீ அந்தப் பூனையை ஒழுங்காச் சாகடி.”

“புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கு,” என்றாள் கைசா. “முதல்ல அவங்க பக்கத்துல உட்காரணும். அவங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்னு கேட்கணும். அப்புறம்தான் விஷயத்துக்கு வரணும். சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும்.”

“அந்தக் கடைசி ஒண்ணு நம்ம பரம்பரையிலயே கிடையாது.”

அவள் சிரித்தாள். பிறகு கரண்டியைப் பார்த்தபடி, “அம்மா போயிட்டாங்கன்னு அந்த டாக்டர் நின்னுக்கிட்டே சொன்னாருல்ல?” என்றாள்.

“ஆஸ்பத்திரி நடையில. கையில காபி வேற.”

இரண்டு பேரும் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னறை டிவியில் ஹாக்கி வர்ணனைக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

“சரி, இன்னொண்ணு போடு,” என்றார் ராய். “கால் வேணாம், போன தடவை ரெண்டும் போயிடுச்சு. புதுசா ஏதாவது.”

கைசா எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

“ஏய், மேட்ச் முடியப் போகுதுடீ.”

அவள் நாற்காலியை இழுத்து, அவர் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். ராய் உஷாரானார். இவ்வளவு சிரத்தையாக அவள் ஆரம்பித்ததே இல்லை.

“இப்ப நான் யாரு?”

“நீங்க ஒரு பொண்ணுக்கு அப்பா.”

“அது எனக்கு வராத வேஷமாச்சே.”

கைசா சிரிக்கவில்லை. பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று ராய் நினைத்துக்கொண்டார்.

“உங்க பொண்ணைப் பத்தி உங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்?”

“டாக்டருக்குப் படிக்கணும்னு உசிரை விடுறா. நம்ம ஊர்லயே இடம் கிடைச்சிட்டா மாடி ரூம்லயே இருந்துக்குவா. ஊர்ல பாதிப் பேர் அரிசோனா, கலிபோர்னியான்னு புள்ளைங்களை அனுப்பிட்டு போனைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல.” இந்தக் கடைசி வாக்கியம் பாத்திரத்துக்கு நன்றாகப் பொருந்தியதாக அவருக்குத் தோன்றியது.

கைசா மூச்சை இழுத்து விட்டாள். “நான் சொல்லப் போறது நீங்க ஆசைப்பட்ட மாதிரி இருக்காது.”

அருமை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் ராய். இப்படித்தான் மெதுவாக இறங்க வேண்டும். இதைக் கேட்டு இடம் கொடுக்காத கல்லூரியும் ஒரு கல்லூரியா? அவர் தோளைத் தொங்கவிட்டு, முகத்தைச் சுருக்கி, இருந்த சோகத்தையெல்லாம் திரட்டிக்கொண்டார்.

“சொல்லுங்க டாக்டர். எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“இன்டர்வியூ எல்லாம் போன மாசமே முடிஞ்சிருச்சுப்பா. இங்க கிடைக்கல, அரிசோனாவுல கிடைச்சிருச்சு,” என்றாள் கைசா. “உன்னைத் தனியா விட்டுட்டுப் போகப் போறேன்னு எப்படிச் சொல்றதுன்னுதான், இத்தனை நாளா உன்கிட்டயே பழகிக்கிட்டிருந்தேன்.”