நாளைக்கு வந்து பாக்குறேன்

சர்வரில் மெயில்கள் ஏன் தேங்குகின்றன என்று தேடிக்கொண்டிருந்த உதவியாளர் பெண் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, உங்கப்பா மெயில் போட்டா, 'நாளைக்கு வந்து பாக்குறேன்பா'ன்னு தானா பதில் போற மாதிரி வச்சிருக்கீங்க. நல்ல பிள்ளைதான் போங்க!"

சர்வரைக் கவனிக்கும் நிர்வாகிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று அப்பா ஓயாமல் எழுதிய நாட்களில் இவர்தான் அப்படி வைத்தார். ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

"கடைசியா அந்தப் பதில் எப்பப் போயிருக்கு?" என்று கேட்டார்.

"இன்னிக்குக் காலையில, பத்து மணிக்கு."

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய கம்ப்யூட்டர், ஒயர் சுற்றிவைத்தபடி, இதே மேசைக்கடியில்தான் கிடந்தது.

நிர்வாகி தலை நிமிராமல் அந்தப் பதிலை நீக்கினார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் மெயில் ஒன்று வந்து விழுந்தது.

"கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுப்பா. நீ அலைய வேண்டாம்."