பாய்காட் தீர்மானம்

“உக்காருலே சிலுவ! மொதல்ல வார்த்தை, அப்புறந்தான் ஆளு!”

சங்கத் தலைவர் அருமைநாயகம் மேஜையில் அடித்த அடியில் மைக் கீச்சிட்டது. ஐஸ் கடை சிலுவை, திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

படகு உரிமையாளர் சங்கக் கட்டடம் கொதித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எவரும் கடலில் இறங்கக் கூடாது என்பது அந்தக் கரையின் கட்டு. போன ஞாயிறு, ஊரே பூசையில் முழந்தாளிட்டிருந்த நேரத்தில், ஒரு படகு திருட்டுத்தனமாகப் போய் மீனை அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கருக்கலில் அது கிளம்பியதைச் சிலுவை பார்த்திருக்கிறான்.

யாருடைய படகு என்று கேட்கும் அவசியம் தலைவருக்கு வரவில்லை. அதோ, ஜன்னலோரம் பிளாரன்ஸ் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரி. ரெக்ஸ் என்று அடங்காத மகன் ஒருவன் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத் தேர்தலில் அவரையே எதிர்த்து நின்றவள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர் அருமைநாயகம். கல்லூரிதான் அவரை விட்டது; ஆங்கிலம் விடவில்லை.

“ஊர்விலக்குன்னு தமிழ்ல எழுதினா நாளைக்கே போலீஸ் வந்து நிக்கும். பாய்காட்னு இங்கிலீஷ்ல எழுதுங்க. அது ஜனநாயகம்!”

கைதட்டல் எழுந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாய்காட்ங்கிறது என்ன? ஒரு மனுஷனோட பேரு! கேப்டன் பாய்காட். அயர்லாந்துல ஒரு பிரபுவோட நெலத்துக்கு ஏஜென்ட்டு. வெளைச்சல் படுத்த வருஷம், குத்தகையைக் கொறைன்னு குடியானவங்க கேட்டாங்க. நெலத்தை விட்டே எறங்குன்னுட்டான். ஊரு என்ன செஞ்சுது? அடிச்சுதா? வெட்டுச்சா? ஒண்ணும் செய்யாம இருந்துது! அதுலயே ஆளு காலி. ஊரை விட்டே ஓடிட்டான். பேரு மட்டும் டிக்‌ஷனரியில நிக்கி!”

பிளாரன்ஸ் எழுந்தாள். கண் சிவந்திருந்தது.

“அப்ப, இல்லாதப்பட்டவங்க சேந்து பெரிய மனுஷனுக்குச் செஞ்சது. அப்படித்தானே?”

“அது ஆரிஜின். இப்ப யூசேஜ் வேற” என்றார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

“அந்த ஊரு என்னென்ன செய்யலைன்னு வெவரமாச் சொல்லிருங்க. நாளைக்கு ஒருத்தரும் தெரியாதுன்னு சொல்லிரக் கூடாது பாருங்க.”

குரல் நடுங்குகிறதே! பயந்துவிட்டாள் என்று தலைவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

“அறுப்புக்கு ஆள் போவல. கடைக்காரன் சாமான் குடுக்கல. துணி வெளுக்க ஆளில்ல. தபால்கூடப் போவல. எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.”

“பேச்சு?”

“மூச்!”

“சரி, மகன் போட்டை எடுத்துட்டுப் போயிட்டான், தகப்பனுக்கோ தாய்க்கோ தெரியாதுன்னு வைங்க. அப்ப யாரைத் தள்ளிவைக்க?”

வந்துவிட்டாள் வழிக்கு! ரெக்ஸ் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாள்.

“படகு யார் பேர்ல இருக்கோ அவங்களத்தான்! ‘எனக்குத் தெரியாது, பையன் எடுத்துட்டுப் போயிட்டான்’ங்கிற கதையெல்லாம் இங்கன வேவாது. அடுத்த கோயில் திருநாள் வரைக்கும் ஒருத்தரும் அவங்களோட அன்னந்தண்ணி பொழங்கக் கூடாது. பேசக் கூடாது. சொந்தக்காரனா இருந்தாலும் சரி, ஒரே வீட்டுக்குள்ள இருந்தாலும் சரி. விதிவிலக்கு வச்சா அது பாய்காட்டே இல்ல!”

“எழுதிக்கிடுங்கய்யா, எழுதிக்கிடுங்க” என்று கூட்டம் கத்தியது.

முன்வரிசையில் அவர் மனைவி ஜெசிந்தா தலையாட்டினாள். முப்பது வருஷமாக அவருடைய பிரசங்கங்களுக்கு ஆட்டி ஆட்டிப் பழகிய தலை.

“அண்ணாச்சி, தீர்மானம் போடுததுக்கு முன்னால ஒரு வார்த்தை... அந்தப் போட்டு...” சிலுவை மறுபடி எழுந்தான்.

“ஏலே, ஒனக்கு நடைமுறைன்னா என்னன்னு தெரியுமா? மொதல்ல ஓட்டு. பேரு அப்புறம். பேரைக் கேட்டுட்டு ஓட்டுப் போட்டா அதுக்குப் பேரு பாரபட்சம்! கை தூக்குங்க எல்லாரும்!”

முதல் கை பிளாரன்ஸுடையது. தலைவர் ஒரு கணம் குழம்பினார். ஊருக்குப் பயந்து தூக்குகிறாள், பாவம். மளமளவென்று அத்தனை கைகளும் உயர்ந்தன. ஜெசிந்தாவும் தூக்கினாள். ஏகமனதாக இருக்கட்டும் என்று தலைவரும் தன் கையை மற்றெல்லாக் கைகளுக்கும் மேலே உயர்த்தினார்.

“நிறைவேறிச்சு! இந்த நிமிஷத்துலேருந்து அமல்! இப்பச் சொல்லுலே சிலுவ, யார் போட்டு?”

சிலுவை ஒரு வழியாக வாயைத் திறந்தான்.

“ஒங்க போட்டுதான் அண்ணாச்சி. ஒங்க மவன் கிளைட்டன்தான் ஓட்டிட்டுப் போனான். ஊருக்கே தெரியும். சொல்ல வந்தவனை எல்லாம் நீங்கதான் உக்காரு உக்காருன்னுட்டீங்க. ஒங்ககிட்ட நான் பேசுத கடைசிப் பேச்சும் இதான்.”

நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு வார்த்தை பேசாமல் கூட்டம் வாசலைப் பார்த்து நடந்தது.

“நில்லுங்க! தீர்மானத்துல ஒரு திருத்தம் இருக்கு! ஏலே, நில்லுங்கலே!”

ஒரு தலை திரும்பவில்லை. அருமைநாயகம் மேடையிலிருந்து தடதடவென்று இறங்கி, முன்வரிசைக்கு ஓடினார்.

“ஏளா ஜெசிந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீயாவது அவங்ககிட்ட சொல்லேன்!”

ஜெசிந்தா நிதானமாக எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், “பிளாரன்சு, நில்லு, நானும் வாரேன்” என்றாள், பல வருஷமாகக் காணாத ஒரு சிரிப்போடு.