உரிமப் பிரிவின் முதல் மாணவர்

வரலாற்று ஆசிரியர்கள் பேனாவை எடுத்துக்கொள்ளலாம். படிக்கும்போதே அரசு வேலை பழகும் மகத்தான திட்டத்தின் முதல் கல்லூரி மாணவர், உரிமப் பிரிவின் நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

கண்காணிப்பாளருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் இயக்குநரே நேரில் வந்து பார்க்கப்போகிறார். பயிற்சி சொதப்பினால் இவருடைய பதவி உயர்வு அம்போ. காலையில் வாசலிலேயே காத்து நின்று, பையனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்ததும் அதனால்தான்.

"சார், நான் வந்து..."

"முதல்ல கவனி தம்பி, அப்புறம் பேசு. இந்த மனுவையெல்லாம் தேதி வாரியா அடுக்கணும். அரசாங்கம்ங்கிறதே அடுக்குதான்!"

பையன் அடுக்கினான். ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதும் நகத்தைக் கடிப்பதுமாக இருந்தான்.

"என்னப்பா, முள்ளு மேல உட்கார்ந்த மாதிரி?"

"இன்னிக்குள்ள முடியணும் சார்."

"ஒரே நாள்ல முடிக்கணுமா! எங்க ஆளுங்களுக்கு இந்த வேகம் இல்லியே!" கண்காணிப்பாளருக்குப் புல்லரித்தது.

கதவிடுக்கில் ஒரு பெண் தலையை நீட்டினாள். கையில் மனு எதுவும் இல்லை. தோளில் ஒரு பை மட்டும். "சார், என்னை இங்க..."

"பயிற்சி நடக்குது, கண்ணு தெரியல? நாளைக்கு வாம்மா!"

பையன் அலமாரியைக் குடைந்து, தூசி தட்டி, மனுக்களை நீட்ட நீட்ட, இவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நடுநடுவே ஜன்னலுக்கு ஓடி, இயக்குநரின் கார் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

கார் வந்தேவிட்டது. உள்ளே நுழைந்த இயக்குநர் மனு அடுக்கைப் பார்த்து அசந்துபோனார். "சபாஷ்! எந்தக் காலேஜ் தம்பி?"

"காலேஜா? பழக்கடைக்கு லைசென்ஸ் கேட்டு மாசக்கணக்கா அலையறேன் சார். இன்னிக்கு வாசல்லயே மரியாதையா கூப்பிட்டாங்க, வந்துட்டேன். சார் கையெழுத்தும் போட்டுட்டாரு. வரட்டுங்களா?"

அவன் போயேவிட்டான்.

"அப்போ மாணவர் எங்கய்யா?" என்றார் இயக்குநர்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல சார்! முதல் நாளே மட்டம்!"

வெளியே பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

"மாணவி நான்தான் சார். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."