ஐஸ் போட்ட கலர்

“சீட்டு?”

“அடுப்புல போட்டுட்டேன் மதினி.”

“டியூபு?”

“மிளகாய்த்தூள் டப்பாவுக்குள்ள கெடக்கு.”

“நான் பூ வாங்கக் கீழ எறங்குன நேரத்துல, யாரும் உன்னைப் பாத்தாகளா?”

“பச்சைத் திரை போட்டிருந்துச்சு. யாரும் பாக்கல.”

தங்கலட்சுமி மூச்சு விட்டாள். “அப்பச் சரி. யாரு கேட்டாலும் நாம மீனாச்சி கோயிலுக்குத்தான் போனோம்.”

மாரிக்கனி தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் காற்றுப் பட்டே பல் கூசியது.

ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அவள் பல்லில் செம்மண் நிறத்தில் வரிவரியாகக் கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான்கு மாப்பிள்ளை வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். ஐந்தாவது வரன் வருகிறது என்றதும், அண்ணன் மனைவி தங்கலட்சுமி அவளை மூன்று வெள்ளிக்கிழமை மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பல் டாக்டரின் நாற்காலியில் படுக்க வைத்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். ஈறில் மருந்து படாமல் மெல்லிய ரப்பர் தாளை மாட்டினார். உதட்டில் வாசலின் தடவினார். “சுருக்குனு குத்துச்சுன்னா இடது கையைத் தூக்கும்மா, நிறுத்திர்றேன்” என்றார். அதனாலேயே அவள் தூக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டால்? கையைத் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு, முகத்துக்கு நேரே எரிந்த விளக்கை நிலா என்று நினைத்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை, கண்ணாடியில் வேறு யாரோ சிரித்தாள்.

“நாலு நாளைக்குக் கூச்சம் இருக்கும். ஐஸ் கூடவே கூடாது. கூசுனா இந்தக் களிம்பைத் தடவிக்கோ” என்று டாக்டர் ஒரு டியூபைக் கொடுத்தார்.

அப்பா நல்லகண்ணுவிடம் உமிக்கரி என்று சொல்லிவைத்தார்கள். அவரும் நம்பி, தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் உமிக்கரியின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒட்டுச் சடையை மறைத்ததற்கே நிச்சயம் நின்றுபோனது. பெண்ணின் அப்பா ஆறு மாதம் கடைத்தெருவில் தலைகாட்டவில்லை. இது அதைவிடப் பெரிய மோசடி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திருச்சுழிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை உதயகுமார் வாயருகே கைக்குட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்தான். அவன் அம்மா சந்தனம்மாளின் கண் மாரிக்கனியின் சேலைக்கும் போகவில்லை, தோட்டுக்கும் போகவில்லை. வாயிலேயே நின்றது.

“இந்த வெயில்ல என்ன காபி!” என்று நல்லகண்ணு எழுந்தார். “அருப்புக்கோட்டையில இருந்து பாளமாவே ஐஸ் கொண்டாந்திருக்கேன். கலர் சோடாவை ஊத்திக் குடுங்க. பொண்ணும் சேந்து குடிக்கட்டும்!”

மதினியின் முகம் வெளுத்தது.

மாரிக்கனி ஒரே மூச்சில் குடித்தாள். பல்லுக்குள் மின்னல் வெட்டிக் கண்ணில் நீராக இறங்கியது. இருந்தும் சிரித்தாள்.

“கண்ணு ஏன் தாயி கலங்குது?” என்றாள் சந்தனம்மாள்.

“அப்பாவைப் பிரியணுமேன்னுதான்” என்று மதினி முந்திக்கொண்டாள்.

“இன்னும் பேச்சே முடியலையே, அதுக்குள்ளயா? சரி, பல்லு முத்தாட்டம் இருக்கே, என்ன போட்டுத் தேய்க்கிற?”

“உமிக்கரி அத்தே.”

“உமிக்கரி...” சந்தனம்மாள் அந்தச் சொல்லை மென்று பார்த்தாள். “உன்னைப் போன வெள்ளிக்கிழமை மதுரையில பாத்த மாதிரி இருக்கே.”

“கோயில்ல பாத்திருப்பீக” என்றாள் மதினி.

“கோயில்ல இல்ல.”

மாரிக்கனி ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தாள். டம்ளர் அவன் கையிலேயே இருந்தது. ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. இந்த வீட்டில் அவனுக்குக் கை நனைக்க விருப்பமில்லை. அவ்வளவுதான், முடிந்தது.

“பொண்ணு புழங்குற அடுப்படியைப் பாக்கணும்” என்று சந்தனம்மாள் எழுந்தாள். மாரிக்கனியைக் கையோடு இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அலமாரியில் வரிசையாக இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மேய்ந்தாள்.

“பொய் சொல்லாத. மாடி ரூமு. பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் கெடந்தது நீதான? அந்தப் பக்கம் நின்னது நான்.”

மாரிக்கனி இரண்டு கையையும் கூப்பினாள்.

“ஆமா அத்தே. எங்கப்பாவுக்கு எதுவும் தெரியாது. தப்பு என்னோடது. நாலு பேரு முன்னால அவுகளை அசிங்கப்படுத்திராதீக.”

சந்தனம்மாள் கதவிடுக்கு வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க டியூபைப் பஸ்ஸுல விட்டுட்டு வந்துட்டோம் தாயி, என் மகனுக்கும் அந்தக் களிம்புல கொஞ்சம் குடேன்.”