பூட்டிய கட்டத்து ஆமை

மதியம் ஒன்றரை மணி. அந்தமானின் ஹட் பே ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்: சந்திரமோகன். வயது நாற்பத்து மூன்று. பவர் ஹவுஸில் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து, டி.வி. முன்னால் சம்மணம் போட்டு, பிள்ளைகளின் வீடியோ கேமை ஆடிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்த ரெங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது வலி என்று பள்ளிக்குப் போகாத மகள் அகிலாவை இழுத்துக்கொண்டு, கூடத்துப் பொறுப்பாளர் திருநாவுக்கரசு வீட்டுக்குப் போனாள்.

"சார், அவர்கிட்ட சாபி குடுத்தது கூடத்தைப் பெருக்கவா, கேம் ஆடவா? தினமும் இதே கதைதான். மெயின்லேண்டுக்காரங்க நம்ம பிள்ளைங்களுக்குன்னு அனுப்பினது அது."

அது உண்மை. சுனாமி நிவாரணத்தில் கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது அந்த கேம் பெட்டி. கம்பளியை யாரும் தொடவில்லை.

திருநாவுக்கரசு கூடத்துக்கு வந்தார். "என்ன சந்திரமோகன் இது?"

"சும்மா கொஞ்ச நேரம் சார்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"பிள்ளைங்க நாலு மணிக்கு வர்றதுக்குள்ள அண்ணன் பிராக்டீஸ் பண்றாரு" என்றாள் ரெங்கம்மா. "அதுங்களைத் தோக்கடிச்சு பிரைஸ் வாங்கணும்ல."

சந்திரமோகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் பக்கத்தில் நின்ற அகிலாவைப் பார்த்தார். சாவியை எடுத்து நீட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அகிலாவுக்கு எட்டு வயது. சுனாமி அன்று அலை அவளைச் சுருட்டிக்கொண்டு போய்த் தென்னந்தோப்பில் போட்டது. அன்று காதில் புகுந்த தண்ணீர் சீழாகி, ஒரு காது போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு போர்ட் பிளேயர் போக வேண்டும். இரண்டு முறை தேதி வாங்கியும், துறைமுக ஜெட்டியில் கப்பலைப் பார்த்ததும் அலறித் திரும்பியவள். மூன்றாவது தேதி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல்.

இந்த முறை அவள் வருகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் ஓர் ஆமை.

அந்த கேமை நாலு பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கொரு பொம்மை. மிதக்கும் கட்டைகளில் தாவிக் கடலைத் தாண்ட வேண்டும். குரங்கும் முயலும் தண்ணீரில் விழுந்தால் அவுட். ஆமை மட்டும் மூழ்காது. நீந்தி வந்து மறுபடி கட்டையில் ஏறிக்கொள்ளும். அகிலா அதைத் தவிர வேறெதையும் எடுக்க மாட்டாள்.

"நான் ஆமை. விழுந்தாலும் ஏறிடுவேன்" என்று ஒருநாள் சொன்னாள்.

ரெங்கம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கப்பல்ல வருவியா?"

"வருவேன்."

சாவி கைமாறிய அந்தப் புதன்கிழமை, நாலு மணிக்குத் திருநாவுக்கரசே கூடத்தைத் திறந்தார். டி.வி.யில் பொம்மைகள் வரிசையாக வந்து நின்றன. ஆமையின் கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. அதன்மேல் ஒரு பூட்டுப் படம்.

அகிலா ரிமோட்டைக் கீழே வைத்தாள். "அதுவும் போயிடுச்சா?"

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாள். "நான் கப்பலுக்கு வரல."

ரெங்கம்மா போய் சந்திரமோகன் வீட்டுக் கதவைத் தட்டினாள். திருநாவுக்கரசும் பின்னாலேயே வந்தார்.

"சாபியை வாங்கின கோவத்துல கேமைக் கெடுத்து வெச்சிட்டீங்களாண்ணே? உங்களைப் பேசினது நான். என் பிள்ளை என்ன பண்ணுச்சு?"

"நான் எதையும் கெடுக்கல. ஆமை எப்பவுமே பூட்டித்தான் இருக்கும்."

"பொய். மாசக்கணக்கா தினமும் அதை வெச்சு ஆடுறா."

"தினமும் தொறந்து வெச்சேன்."

ரெங்கம்மாவுக்குப் புரியவில்லை. சந்திரமோகன் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மத்த பொம்மையை வெச்சு எல்லாப் பந்தயமும் வரிசையா ஜெயிச்சாதான் ஆமை வெளிய வரும். ரெண்டு மணி நேரம் ஆகும். ஜெயிச்சதை ஞாபகம் வெச்சுக்க மெமரி கார்டுன்னு ஒண்ணு சொருகணும். மெயின்லேண்டுலேருந்து பெட்டி வந்துச்சு, கார்டு வரல. சாயங்காலம் சுவிட்சை அணைச்சா பெட்டி எல்லாத்தையும் மறந்துடும். மறுநாள் மறுபடி முதல்லேருந்து."

"ஒரு கார்டு வாங்கியிருக்கலாமே?" என்றார் திருநாவுக்கரசு.

"போர்ட் பிளேயர் போற ஆளுங்ககிட்டல்லாம் சொல்லிவிட்டேன். இந்த வயசுல உனக்குக் கேமான்னு சிரிச்சிட்டுப் போனாங்க."

"சரி, மதியம் நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"பாப்பா பக்கத்துல நின்னுச்சு சார். ஆமை தினமும் காணாமப் போகுதுன்னு, கேக்குற ஒரு காதுலயும் அதுவா விழணும்?"

திருநாவுக்கரசு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ரெங்கம்மா அதை வாங்கி, சந்திரமோகன் கையில் வைத்தாள்.

மறுநாள் மதியம் கூடத்து வாசற்படியில் ரெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு போன ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அரே, சந்திரமோகனா? பெரிய ஆளு பண்ற வேலையா இது?"

"ஆமா, வேலைதான் நடக்குது. சத்தம் போடாம போ."

நாலு மணிக்கு ஆமை அதன் கட்டத்தில் இருந்தது.

"எங்க போயிருந்துச்சு?" என்று கேட்டாள் அகிலா.

"முட்டை போட பீச்சுக்குப் போயிருந்துச்சு" என்றார் சந்திரமோகன்.

அகிலா ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். மறுநாள் அம்மாவின் சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி கப்பலேறினாள்.

2008 மே 2, வெள்ளிக்கிழமை, அவர்கள் அதே கப்பலில் திரும்பி வந்தார்கள். அகிலாவின் காதில் கட்டு இருந்தது. ரெங்கம்மாவின் பையில் ஒரு மெமரி கார்டு இருந்தது. அன்றிலிருந்து சந்திரமோகன் மதியத்தில் தூங்குகிறார்.