கிழிஞ்சவாலன்

தண்ணீர்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொட்டுக்கூடக் கலப்படமில்லை.

தையல்காரரின் தொட்டியில் இருந்தது ஒரே மீன். அதுவும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினார், தீனியைக் குறைத்தார். மீன் கழிவில் சேரும் அமோனியா இறங்கவில்லை, சோதனைக் குழாய் பச்சையாகவே நின்றது.

"ஒத்த மீனுக்கு இவ்ளோ வராதுண்ணே. ரெண்டாவதை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றார் வளர்ப்புமீன் கடைக்காரர்.

தையல்காரர் வீட்டுக்கு வந்து தொட்டியின் செடியை விலக்கினார். பின்னால் வால் கிழிந்த மீன் ஒன்று. அவருடைய சின்ன வயதில் தொட்டியைவிட்டுத் துள்ளிச் செத்து, அக்காவும் அவரும் அழுது புதைத்த அதே மீன்.

அதை வெளியேற்ற மனம் வரவில்லை. பெரிய தொட்டி வாங்கினார். அமோனியா இறங்கி, குழாய் மஞ்சளானது. அக்காவுக்குப் போன் போட்டார்.

"நம்ம கிழிஞ்சவாலன் வந்துட்டான்க்கா."

"இன்னும் அதே திமிரா?" அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"கொஞ்சமும் குறையல."

இத்தனைக்கும் இருவரும் வளர்ந்த வீட்டில் மீன் வளர்த்ததே கிடையாது.