மாசிலாமணியின் மூன்று விரல்கள்

இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து, பிறகு இருமுறை ஊராட்சித் தலைவராகி, இப்போது சட்டமன்றத்துக்கு நிற்கும் சுபேதார் மாசிலாமணிக்கு இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. அவற்றை எதிரியின் குண்டு பறித்ததாக ஒன்றியச் செயலாளர் எத்திராஜ் தொகுதிச் சுவர்களில் எல்லாம் எழுதிவைத்திருந்தார். ஆற்றங்கரை ஊரில் பேச எழுந்த மாசிலாமணி, அந்தக் கையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினார்.

“குண்டு இல்லிங்க, பனி. மலைமேல காவல்ல நின்னப்ப கையுறை நனைஞ்சிபோச்சி. மாத்தாம அப்படியே நின்னுட்டேன். விரல் கருத்துப்போயி டாக்டர் எடுத்துட்டாரு. செவுத்துல இருக்கறது பொய்.”

எத்திராஜ் தலையில் கைவைத்து மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பின்னால் சிலர் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்ப எங்க பாலம் எப்ப வரும்னு நீங்களே சொல்லுங்க. ஓட்டு கேட்டு வந்தவங்கல்லாம் ஆறு மாசம்னாங்க.”

“நான் ஜெயிச்சாலும் மூணு வருஷம் ஆவும்மா.”

அவள் எழுந்து போகிறவர்கள் பக்கம் திரும்பினாள்.

“வந்து உக்காருங்க. இவரு பேசட்டும்.”